ஜியோலைட்டின் வாசலில் நடக்கும் வேதியியல்

மெழுகு நீக்கி மசகெண்ணெய் எடுக்கும் ஆலையிலும், பாரா சைலீன் (பென்சீன் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் இரண்டு மெத்தில் ஒட்டிய மூலக்கூறு) எடுக்கும் ஆலையிலும் உலைக்குள் கிடப்பது ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பொருள்தான்: பத்து ஆக்சிஜன் அணுக்கள் வளையமாக நின்று துளையை உண்டாக்கும் ஜியோலைட். முதல் ஆலைக்கு வினையூக்கி தயாரிப்பவர் துளைவாய்களின் எண்ணிக்கையைக் கூட்டப் படாத பாடு படுகிறார். இரண்டாவது ஆலைக்குத் தயாரிப்பவரோ, துளைவாயைச் சுற்றி வெளிப்புறத்தில் இருக்கும் அமில மையங்களைச் சிலிக்கா பூசி மூடுகிறார். ஒருவருக்கு உயிர்நாடியாக இருக்கும் இடம் இன்னொருவருக்குத் தலைவலி. இந்த முரணை விளங்கிக்கொள்ள, ஜியோலைட்டை வெறும் சல்லடையாகப் பார்க்கும் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் தவறு என்று சொல்லிவிட முடியாது. அது பாதி உண்மை. சிலிக்கான் அல்லது அலுமினியம் நடுவில், நான்கு ஆக்சிஜன் மூலைகளில். இந்த நான்முகிகள் மூலையோடு மூலை சேர்ந்து கட்டும் படிகத்தில் துளைகள் எல்லாம் ஒரே அளவில் அமைகின்றன. 1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட், சூடாக்கினால் நீராவி விட்டு நுரைத்த ஒரு கனிமத்தைக் கண்டு, 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இந்தப் பெயரை வைத்தார். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்காரும்போது அங்கே ஒரு எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. அதைச் சரிக்கட்ட சோடியம் இருந்தால் வினையில்லை. புரோட்டான் இருந்தால் அதுவே வலுவான அமில மையம்.

துளையின் அளவை வளையத்தில் எத்தனை ஆக்சிஜன் என்று எண்ணிச் சொல்வது வழக்கம். எட்டு ஆக்சிஜன் வளையம் என்றால் 4 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அருகில். பத்து என்றால் 5 முதல் 5.5 வரை. பன்னிரண்டு என்றால் 7-ஐ ஒட்டி. நேர்ச்சங்கிலி ஆல்கேனின் குறுக்களவு சுமார் 4.3 ஆங்ஸ்ட்ராம், ஐசோபியூட்டேனுக்கு 5.0, பென்சீனுக்கும் பாரா சைலீனுக்கும் 5.8-ஐ ஒட்டி, மெத்தில்கள் வேறு இடங்களில் ஒட்டிய ஆர்த்தோ, மெட்டா சைலீன்களுக்கு 6.8. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

1960-இல் மோபில் நிறுவனத்தின் வைஸ், ஃப்ரிலெட் இருவரும் செய்து காட்டியது இதைத்தான். கால்சியம் ஏற்றிய ஏ வகை ஜியோலைட்டில் நேர்ச்சங்கிலி பியூட்டனால் நீரிழக்கிறது; கிளைத்த ஐசோபியூட்டனால் அநேகமாகச் சும்மா இருக்கிறது. அதே ஜியோலைட்டில் கால்சியத்துக்குப் பதில் சோடியம் இருந்தால் வாசல் 4 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கும். பொட்டாசியம் இருந்தால் 3. வாயிலில் யார் நிற்கிறார்கள் என்பதே வாசலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு சோடியத்தை ஒரு கால்சியம் விரட்டுவதால், மூன்றில் ஒரு பங்கு சோடியம் போன பிறகு வாசல்கள் படிப்படியாக அல்லாமல் சட்டென்று திறந்துகொள்கின்றன.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். படிகவியல் அட்டவணை தரும் துளை அளவு, ஆக்சிஜன் அணுவின் ஆரம் 1.35 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொண்டு கழித்து எடுத்த எண். உண்மையில் வளையமும் அதிர்கிறது, மூலக்கூறும் நெளிகிறது. வினை நடக்கும் வெப்பநிலையில் அட்டவணை அளவைவிட அரை ஆங்ஸ்ட்ராம் வரை பருத்த மூலக்கூறுகளும் நுழைந்துவிடும். 5.5 ஆங்ஸ்ட்ராம் துளைக்குள் 5.85 ஆங்ஸ்ட்ராம் பென்சீன் எப்படிப் போகிறது என்று குழம்ப வேண்டியதில்லை.

சல்லடை வாதம் மூன்று வகையாக வளர்ந்தது. உள்ளே போக முடியாதது வினைப்படாது; வெளியே வர முடியாதது விளைபொருளாக வராது; உள்ளே இடம் போதாத இடைநிலை உருவாகவே உருவாகாது. இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1985-இல் நியூசிலாந்தின் மோட்டுனுய் ஆலை மெத்தனாலிலிருந்து பெட்ரோல் எடுக்கத் தொடங்கியபோது வந்த டியூரீன். பென்சீன் வளையத்தில் நான்கு மெத்தில் ஒட்டிய இந்த மூலக்கூறுதான், அங்கே வினையூக்கியான இசட்எஸ்எம்-5 என்ற பத்து வளைய ஜியோலைட்டின் வாசலை விட்டுத் தாராளமாக வெளிவரக்கூடிய அளவில் கடைசி. அதனால்தான் இந்தப் பெட்ரோல் பத்து, பதினொரு கார்பனோடு நின்றுவிடுகிறது. டியூரீனின் உருகுநிலை 79 °செ; அளவு மிஞ்சினால் எரிபொருள் செல்லும் குழாயில் படிகமாக உறைந்து அடைக்கும். ஆகவே கனமான பகுதியைத் தனியே பிரித்து ஹைட்ரஜன் ஏற்றி அதைக் குறைக்க வேண்டியிருந்தது.

இந்த மூன்று வகையும் மூலக்கூறு ஒன்று உள்ளே இருக்கும், அல்லது வெளியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் மூலக்கூறுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

தலை உள்ளே, வால் வெளியே

மெழுகு என்பது இருபது, முப்பது கார்பன் நீளமான நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள். நேராக இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உறைகின்றன. 17 கார்பன் கொண்ட ஹெப்டாடெக்கேனே 22 °செ-இல் கட்டியாகிவிடும். சங்கிலியில் ஒரே ஒரு மெத்தில் கிளை முளைத்தாலும் அடுக்கு குலைந்து உறைநிலை இறங்குகிறது. கிளை நடுப்பக்கம் இருந்தால் இன்னும் இறங்கும். எண்பதுகளில் இசட்எஸ்எம்-5 கொண்டு மெழுகை உடைத்தே வெளியேற்றினார்கள்: நேர்ச்சங்கிலி உள்ளே போய் எரிவாயுவும் நாப்தாவுமாகச் சிதையும், எண்ணெய் மிஞ்சும். வேலை நடந்தது, ஆனால் மெழுகின் எடை முழுக்கத் தண்டம். உடைக்காமல் கிளைக்க வைத்தால் மெழுகே நல்ல மசகெண்ணெயாகிவிடும். செவ்ரான் 1993-இல் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் ஆலையில் சாப்போ-11 (ஜியோலைட்டைப் போலவே துளைகள் கொண்ட, பாஸ்பரஸ் கலந்த பொருள்) வகை வினையூக்கியோடு அதைத்தான் தொழில்முறையில் தொடங்கியது.

கிளைக்கும் வினை எப்படி நடக்கிறது? வினையூக்கியில் இரண்டு வகை இடங்கள் வேண்டும். பிளாட்டினம் ஆல்கேனிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஆல்கீனாக்குகிறது. அமில மையம் அந்த ஆல்கீனுக்குப் புரோட்டான் கொடுத்து கார்பன் நேரயனி ஆக்குகிறது. அந்த அயனி, புரோட்டான் ஏறிய மூன்று கார்பன் வளையம் ஒன்றின் வழியாகத் தன் எலும்புக்கூட்டை மாற்றிக் கிளைத்த அயனியாகிறது. பிறகு புரோட்டானைத் திருப்பிக் கொடுத்து, பிளாட்டினத்திடம் ஹைட்ரஜன் வாங்கிக்கொண்டு கிளைத்த ஆல்கேனாக வெளியேறுகிறது. சிக்கல் இங்கேதான்: கிளைத்தது அமில மையத்திலேயே தங்கினால் இரண்டாவது கிளை, மூன்றாவது கிளை என்று முளைக்கும். மூன்று கிளை சரியான இடங்களில் அமைந்துவிட்டால், உடைவதற்கு முன்னும் பின்னும் மூவிணைய (நேர்மின் கார்பன் மூன்று கார்பன்களோடு பிணைந்த, நிலையான) அயனியே இருப்பதால், அது எளிதில் இரண்டாக உடையும். கையில் மிஞ்சுவது எரிவாயு. ஆக, முதல் கிளைக்குப் பிறகு மூலக்கூறை விரட்டிவிடும் ஏற்பாடு தேவை.

இசட்எஸ்எம்-22 என்ற ஜியோலைட் அந்த ஏற்பாட்டோடு வருகிறது. இதன் துளை 4.6-க்கு 5.7 ஆங்ஸ்ட்ராம் நீள்வட்டம். ஒரே திசையில் ஓடும், பக்கவழியே கிடையாது. நேர்ச்சங்கிலி இறுக்கமாகப் பொருந்தும், கிளைத்தது உள்ளே போக மறுக்கும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யோஹான் மார்ட்டென்ஸ், பியர் ஜேக்கப்ஸ் குழு இதன் விளைபொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, துளைக்குள் உருவாகவே முடியாத கிளைப்புகள் ஏராளமாக வந்தன. வெளிப்பரப்பில் சாதாரண அமிலமாக நடந்திருந்தால் கிளைகள் எல்லா இடத்திலும் பரவலாக இருந்திருக்க வேண்டும்; அப்படியும் இல்லை. டெக்கேனைக் கொடுத்தால் இரண்டாவது கார்பனில் மெத்தில் ஒட்டிய 2-மெத்தில்நோனேன் மற்றதை எல்லாம் முந்தியது.

அவர்கள் தந்த விளக்கம் துளைவாய் வினையூக்கம். சங்கிலியின் நீண்ட நேரான பகுதி துளைக்குள் நுழைகிறது. உள்ளே போகும் ஒவ்வொரு கார்பனுக்கும் சுவரின் ஈர்ப்பால் மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் லாபம். அகன்ற ஒய் வகை ஜியோலைட்டில் இதில் பாதிதான் கிடைக்கும். எனவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே போகவே சங்கிலி விரும்பும். கிளை முளைக்க வேண்டிய நுனி மட்டும் வாயிலில், அங்கிருக்கும் அமில மையத்தின் அருகில் நிற்கிறது. இடம் அங்கேதான் இருக்கிறது, ஆகவே கிளை அங்கேதான் முளைக்கும்: நுனியிலிருந்து இரண்டாவது கார்பனில். கிளைத்த பிறகு மேலும் உள்ளே நகர வழியில்லை. பின்வாங்கிப் போவதுதான் எளிது. இரண்டாவது கிளை முளைக்க வாய்ப்பு அரிது.

நீண்ட சங்கிலிகளில் இன்னொரு வடிவம் தலைகாட்டியது. பன்னிரண்டு, பதினான்கு கார்பனுக்கு மேல் போகப் போக, நடுக் கார்பன்களில் மெத்தில் ஒட்டியவையும் ஒரு தனி முகடாக எழுந்தன. பூட்டு-சாவி முறை என்று இதற்குப் பெயர்: சங்கிலியின் ஒரு முனை ஒரு வாயிலும், மறு முனை பக்கத்து வாயிலும் செருகி நிற்க, நடுப்பகுதி பாலம்போல் வெளிப்பரப்பில் கிடந்து அங்கே கிளைக்கிறது. படிக அளவுகளை வைத்துப் பார்த்தால் பக்கத்து வாய்களின் மையங்களுக்கு இடையே தூரம் சுமார் 11 ஆங்ஸ்ட்ராம். நேர்ச்சங்கிலியில் கார்பனுக்குக் கார்பன் 1.27 ஆங்ஸ்ட்ராம் முன்னேற்றம். பாலத்துக்கே எட்டு, ஒன்பது கார்பன் செலவாகிவிடும். டெக்கேனுக்கு இது கட்டுப்படியாகாது, ஹெப்டாடெக்கேனுக்கு ஆகும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. தியோ மாசன், பெரென்ட் ஸ்மிட் முதலானோர் கணினி உருவகப்படுத்தல்களை முன்வைத்து, வாய் எதற்கு, துளைக்குள்ளேயே உருவாகி வெளியேறும் வேகத்தாலும் இடைநிலைகளின் நிலைப்பாலும் இதே விகிதங்களை விளக்கலாம் என்று வாதிட்டார்கள். எடுத்தெறிய முடியாத வாதம். ஆனால் ஒரு எளிய சோதனை வாயின் பக்கம் நிற்கிறது. படிகத்தை வளர்க்கும்போது துளைக்குள் மாட்டிக்கொண்ட கரிம வார்ப்பு மூலக்கூறுகளை முழுக்க எரிக்காமல், வாயருகே இருப்பதை மட்டும் எரித்து, ஆழத்தை அடைத்தபடியே விட்டாலும், வினையூக்கி கிளைத்த ஆல்கேனைத் தாராளமாகத் தருகிறது. உட்புறம் முழுக்க அவசியம் என்றால் இது நடக்கக் கூடாது. பூட்டு-சாவியின் நுணுக்கங்களில் சந்தேகத்துக்கு இடமிருக்கலாம். ஆழத்தில் உள்ள அமில மையங்களில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது என்பதில் அதிகச் சந்தேகமில்லை.

எத்தனை வாய், எத்தனை மையம்

எவ்வளவு சும்மா கிடக்கிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். இசட்எஸ்எம்-22 ஊசிபோல் வளரும். துளை ஊசியின் நீளவாக்கில் ஓடும். வாய்கள் ஊசியின் இரண்டு நுனிகளில் மட்டும். ஊசி 1 மைக்ரோமீட்டர் நீளம், சிலிக்கான்-அலுமினியம் விகிதம் 30 என்று வைப்போம். துளையின் திசையில் அலகுக் கூட்டின் நீளம் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம், ஒரு துளைக்கு ஒரு கூட்டில் 12 நான்முகிகள். ஆக ஒரு துளையின் நீளத்தில் ஏறத்தாழ 24,000 நான்முகிகள், அதில் 770-ஐ ஒட்டி அமில மையங்கள். இரண்டு வாய்க்கும் சேர்த்து மூன்று மையம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் நூற்றுக்கு 0.4 தான் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. ஊசியை 100 நானோமீட்டராகக் குறைத்தால் அது பத்து மடங்காகி நூற்றுக்கு 4. வினையூக்கி செய்பவர்கள் ஏன் குட்டையான ஊசிக்கு அலைகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதே கணக்கு, ஊட்டத்தில், அதாவது உலைக்குள் விடும் எண்ணெயில், வரும் நைட்ரஜன் சேர்மங்கள் (இவை காரங்கள், அமில மையத்தில் ஒட்டிக்கொள்ளும்) ஏன் இவ்வளவு பயமுறுத்துகின்றன என்பதையும் சொல்லும். விகிதம் 30 என்றால் ஒரு கிராமில் சுமார் 0.54 மில்லிமோல் அமில மையம். அதில் 0.4 சதவீதம், ஏறக்குறைய 2 மைக்ரோமோல். ஊட்டத்தில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நைட்ரஜன் என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 0.07 மைக்ரோமோல். மணிக்கு வினையூக்கியின் எடைக்குச் சமமான எண்ணெய் ஓடுகிறது, வந்ததெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டால் 28, 30 மணி நேரத்தில் வாய் மையங்கள் தீர்ந்துவிடும். நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது. பிளாட்டினமும் ஹைட்ரஜனும் நைட்ரஜன் சேர்மத்தை அம்மோனியாவாக்கி விரட்டும், சூட்டில் ஒட்டியதும் கழன்று போகும். ஆனால் குயினோலின் போன்ற பருத்த காரங்கள் உள்ளே நுழைந்து 770 மையங்களில் பரவிப்போகாமல், வாயிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. மொத்த அமிலத்தை அம்மோனியாவை வைத்து அளந்து 'அமிலம் அப்படியே இருக்கிறது, வினை மட்டும் விழுந்துவிட்டது' என்று விழிப்பவர்கள் அளப்பது தவறான இடத்தை.

எந்த இடத்தை அளப்பது என்றால், உள்ளே நுழையாத மூலக்கூறைக் கொண்டு அளக்க வேண்டும். 2,6-டைடெர்ட்பியூட்டைல்பிரிடின் பத்து வளையத் துளைக்குள் போகாது, வெளி மையங்களை மட்டும் தொடும். 2,4,6-ட்ரைமெத்தில்பிரிடினும் அப்படியே. வினையாகப் பார்க்க வேண்டுமென்றால், 9 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிய 1,3,5-ட்ரைஐசோபுரொப்பைல்பென்சீனை உடைத்துப் பார்ப்பார்கள். துளையின் குணத்தை அறிய நார்மல் ஹெக்சேனையும் 3-மெத்தில்பென்டேனையும் சம எடையில் கலந்து உடைக்கும் கட்டுப்பாட்டு எண் ஒரு பழைய, நம்பகமான வழி: மிஞ்சிய பின்னங்களின் மடக்கைகளை எடுத்து, ஹெக்சேனுடையதை மற்றதால் வகுக்க வேண்டும். 1-க்குக் கீழே என்றால் அகன்ற துளை, 1 முதல் 12 வரை நடுத்தரம், அதற்கு மேல் குறுகல். இசட்எஸ்எம்-5-க்கு 8.3, அருமண் ஏற்றிய ஒய்க்கு 0.4, எரியோனைட்டுக்கு 38. வினைப்பட்ட அளவு 10 சதவீதத்துக்குக் கீழேயோ 60 சதவீதத்துக்கு மேலேயோ போனால் இந்த எண் பொய் சொல்லும். கோக் (வினையில் உண்டாகும் கரிப் படிவு) படியத் தொடங்கிய பிறகு எடுத்தாலும் அப்படித்தான்.

பிளாட்டினத்தை எங்கே வைப்பது என்பதும் வாயோடு சேர்ந்த கேள்வி. பிளாட்டினத்தை ஏற்றப் பயன்படும் சேர்மங்களில் டெட்ராஅம்மைன் பிளாட்டினம் நேரயனி என்பதால் ஜியோலைட்டின் அயனிப் பரிமாற்ற இடங்களுக்குள் போய்விடும். குளோரோபிளாட்டினிக் அமிலத்தின் எதிரயனி, தூளைக் குச்சியாக்கச் சேர்க்கும் அலுமினா பிணைப்பானில் ஒட்டும். உலோகமும் அமிலமும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்பது வெகுகால நம்பிக்கை. 2015-இல் உட்ரெக்ட், லூவன் ஆய்வாளர்கள் ஒய் வகை ஜியோலைட்டில், பிளாட்டினம் துளைக்குள் இருப்பதைவிட அருகிலுள்ள அலுமினாவில் இருந்தால் உடைவு குறைவு என்று காட்டி அந்த நம்பிக்கையை ஆட்டினார்கள். வினை வாயில் நடக்கும் ஒற்றைத் திசைத் துளைகளில் இது இன்னும் பொருத்தம்: ஆழத்தில் கிடக்கும் பிளாட்டினத்துக்கு அங்கே வேலையே இல்லை, விலை மட்டும் உண்டு. ஏற்றும் அளவு வழக்கமாக 0.3 முதல் 0.5 சதவீதம். அம்மைன் சேர்மத்தை எரிக்கும்போது காற்று நன்றாக ஓட வேண்டும், நிமிடத்துக்கு 1 °செ-ஐத் தாண்டாமல் 300, 350 வரை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கழன்று வரும் அம்மோனியாவே பிளாட்டினத்தை ஒடுக்கி, பெரிய உருண்டைகளாகத் திரட்டிவிடும். அந்த உருண்டைகள் சில சமயம் வாயிலேயே உட்கார்ந்து வழியை அடைப்பதும் உண்டு.

பாதி நுழைந்தவனுக்குச் சுதந்திரம் மிச்சம்

வாயில் ஏன் இவ்வளவு வேலை நடக்கிறது என்பதற்குக் கிளைப்பு வினைக்கு வெளியேயும் விடை தேடலாம். மோர்டினைட் என்ற ஜியோலைட்டில் பன்னிரண்டு வளையப் பெருந்துளையின் பக்கச்சுவரில் எட்டு வளையப் பைகள் இருக்கின்றன. பை ஆழமற்றது, புரொப்பேன், பியூட்டேன் முழுதாக உள்ளே அடங்காது, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெர்க்லியில் என்ரிக் இக்லேசியாவின் குழு கண்டது: அமில மையம் ஆல்கேனை நேரடியாக உடைக்கும் வினை, அகலமான துளையைவிட இந்தப் பைகளில் கூடுதலாக நடக்கிறது. ஆற்றல் தடை அங்கே தாழ்ந்ததால் அன்று. வெளியே நீட்டிய முனை அசைய, சுழல முடிவதால் என்ட்ரோப்பி (மூலக்கூறின் அசைவுச் சுதந்திரத்தை அளக்கும் அளவு) இழப்பு குறைகிறது. 450 °செ-ஐ ஒட்டிய வெப்பநிலையில் என்ட்ரோப்பியை வெப்பநிலையால் பெருக்கிக் கழிக்கும்போது அந்த லாபம், பிடிப்பு தளர்ந்ததால் வந்த நஷ்டத்தை மிஞ்சிவிடுகிறது. முழுக்க இறுக்கிப் பிடித்தால் ஆற்றல் லாபம், சுதந்திரம் போச்சு. முழுக்க வெளியே விட்டால் சுதந்திரம் உண்டு, பிடிப்பு இல்லை. பாதி நுழைவது இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல பேரம்.

ஃபெரியரைட் என்ற ஜியோலைட்டின் விஷயம் இதைவிட வினோதமானது. நேர்ச்சங்கிலி பியூட்டீனை ஐசோபியூட்டீனாக்க இது பயன்படுகிறது, 350 °செ-க்கு மேல். புது வினையூக்கியில் தேர்வுத்திறன் (வேண்டிய விளைபொருளாக மாறும் பங்கு) மோசம்: இரண்டு பியூட்டீன் சேர்ந்து எட்டுக் கார்பனாகி, உடைந்து புரொப்பீனும் பென்டீனுமாக வரும். சில மணி நேரம் போக, கோக் படிந்து துளைகள் பெரும்பாலும் அடைபட்ட பிறகுதான் ஐசோபியூட்டீன் தேர்வு 90 சதவீதத்தை நோக்கி ஏறுகிறது. வயதான வினையூக்கி புதியதைவிட மேல். ஒரு தரப்பு, வாயருகே மாட்டிக்கொண்ட கோக் மூலக்கூறின் கார்பன் நேரயனியே புதிய வினைமையம் என்றது. மற்றொரு தரப்பு, கோக் செய்வது ஒன்றே ஒன்றுதான், இரண்டு பியூட்டீன் சேர இடம் விடாமல் செய்வது, மிச்ச வேலை வழக்கமான அமில மையத்தில் தனி மூலக்கூறாகவே நடக்கிறது என்றது. இரண்டாவது விளக்கம் எளிமையானது; அதிகக் கற்பனை கேட்காதது. எந்த விளக்கமானாலும், மிச்ச வேலை நடப்பது வாயருகே திறந்திருக்கும் கொஞ்சம் இடத்தில்தான்.

வாயை மூட வேண்டிய இடம்

இனி இரண்டாவது ஆலை. இரண்டு டொலுவீன் மோதி ஒரு பென்சீனும் ஒரு சைலீனும் ஆகும் வினை, இசட்எஸ்எம்-5-இல் 400 °செ-க்கு மேல், ஹைட்ரஜன் அழுத்தத்தில். சமநிலையில் பாரா வெறும் 24 சதவீதம். தேவையோ பாரா மட்டும். துளைக்குள் மூன்று சைலீனும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கின்றன, பாரா மட்டும் மற்ற இரண்டையும்விட ஆயிரம் மடங்கு அளவில் வேகமாக விரவி வெளியேறுகிறது. கணக்குப்படி பாரா மட்டுமே வர வேண்டும். வருவதில்லை. வாயைத் தாண்டி வந்த பாரா, வெளிச்சுவரில் காத்திருக்கும் அமில மையத்தில் மறுபடி மெட்டாவும் ஆர்த்தோவுமாக மாறி, சமநிலைக்கே திரும்பிவிடுகிறது. மெழுகு ஆலையில் பொன் விளைந்த இடம் இங்கே கள்ளன்.

ஆகவே வெளி மையங்களை மூடுகிறார்கள். துளைக்குள் போக முடியாத சிலிக்கான் சேர்மம் வேண்டும். டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் ஆய்வகத்தில் வழக்கம், தொழிலில் சிலிகோன் எண்ணெய்களும் உண்டு. 10 கிராம் ஜியோலைட்டுக்கு ஒரு சுற்றில் 4 சதவீதம் சிலிக்கா ஏற்ற சுமார் 1.5 மில்லிலிட்டர் போதும். முதலில் ஜியோலைட்டை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் சிலிகேட் பரப்பில் வினைபுரிவதற்கு முன்பே நீரோடு சேர்ந்து தனித் துகள்களாகத் திரண்டுவிடும். வெளி மையம் திறந்தே கிடக்கும், வாயோ துகளால் அடையும். ஹெக்சேனில் கரைத்துக் கலக்கி, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் கலத்திலேயே விழவிட்டபடி ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, 550 °செ-இல் எரிக்க வேண்டும். பிறகு அடுத்த சுற்று.

ஒரே சுற்றில் மொத்தத்தையும் ஏற்றிவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். ஏற்றினால் சிலிக்கா மேடும் பள்ளமுமாகப் படிகிறது. ஒவ்வொரு சுற்றும் எரிந்த பிறகு புதிதாக வெளிப்படும் பரப்பில்தான் அடுத்த அடுக்கு சீராக ஒட்டும். முதல் சுற்றில் ட்ரைஐசோபுரொப்பைல்பென்சீன் உடைவு மளமளவென்று விழ வேண்டும், நார்மல் ஹெக்சேன் உள்ளே ஏறும் அளவு மாறக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் வெளி மையம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இப்போது நடப்பது வாயின் சுருக்கம். பாரா 90 சதவீதத்தைத் தாண்டுவது இந்தச் சுருக்கத்தால்தான், வெளியை மூடியதால் மட்டும் அன்று. நான்காவது சுற்றில் பல சமயம் ஹெக்சேனே ஏற மறுக்கும். அதோடு வினைவேகமும் போகும். நிறுத்த வேண்டிய இடம் அதற்கு முந்தைய சுற்று.

கோக்கையே பூச்சாகப் பயன்படுத்தும் பழைய வழியும் உண்டு: தொடக்கத்தில் வேண்டுமென்றே ஹைட்ரஜனைக் குறைத்து, சூட்டை ஏற்றி, வெளிச்சுவரில் கரி படியவைப்பது. மலிவு. ஆனால் வினையூக்கியைப் புதுப்பிக்க எரித்தால் கரியோடு தேர்வுத்திறனும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. சிலிக்கா தங்கும்.

படிகத்தின் அளவும் இங்கே தலைகீழ். மெழுகுக்குக் குட்டை ஊசி. பாராவுக்குப் பெரிய படிகம், வெளிப்பரப்பு குறைய, உள்ளே நடைதூரம் கூட. ஒரே பட்டறையில் இரண்டையும் செய்பவர் ஒன்றின் அனுபவத்தை மற்றதற்கு எடுத்துப் போனால் நிச்சயம் இடறுவார்.

வாய் பாழாகும் வழிகள்

ஒற்றைத் திசைத் துளையில் ஒரு கோக் மூலக்கூறு வாயில் மாட்டினால் அந்த முனையிலிருந்து முழுத் துளையும் போச்சு. மோர்டினைட் இதனால்தான் சட்டென்று செத்துப்போகிறது. குறுக்குவழிகள் உள்ள இசட்எஸ்எம்-5-இல் மூலக்கூறு சுற்றிப் போய்விடும், கோக்கும் பெரும்பாலும் வெளியே படியும். புதுப்பிக்கும்போது அவசரம் ஆகாது. நைட்ரஜனில் ஓரிரு சதவீதம் ஆக்சிஜனோடு தொடங்கி, படுகையின் சூட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். கரி எரியும்போது நீராவியும் வருகிறது. சூடும் நீராவியும் சேர்ந்தால் அலுமினியம் கட்டமைப்பை விட்டுப் பெயர்ந்து, துகளாகி, வாயிலேயே குப்பையாகக் குவியும். 500 °செ-ஐத் தாண்டினால் பிளாட்டினமும் திரளும்.

பிணைப்பான் அடுத்த ஆபத்து. ஜியோலைட் தூளை அப்படியே உலையில் போட முடியாது, அலுமினாவோ சிலிக்காவோ சேர்த்துக் குச்சிகளாக அழுத்தி எடுக்க வேண்டும். சிலிக்கா கூழ் வாய்களை மூடிவிடக் கூடும். பாரா ஆலைக்கு இது தற்செயல் உதவி, மெழுகு ஆலைக்கு நஷ்டம். அலுமினா என்றால் எரிக்கும்போது அதிலிருந்து அலுமினியம் நகர்ந்து, சிலிக்கா மிகுந்த ஜியோலைட்டின் ஓரத்தில் புது அமில மையங்களை உண்டாக்கலாம். பிணைப்பானில் ஒட்டிய சோடியம் ஓரத்து மையங்களைச் செயலிழக்கச் செய்யும்.

விளைபொருள் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோயைக் குச்சியைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். மீத்தேனும் ஈத்தேனும் ஏறினால் குற்றவாளி அமிலமல்ல, பிளாட்டினம். அது கார்பன் பிணைப்பை நேரடியாக அறுக்கிறது, பெரும்பாலும் சூடு அதிகம் என்று பொருள். மூன்று, நான்கு கார்பன் வாயுக்கள் ஏறி, இரு கிளை ஆல்கேன்களும் சேர்ந்து கூடினால் அமிலத்துக்கு ஈடாக உலோகம் போதவில்லை. இரண்டாவது கார்பனில் கிளைத்தவற்றின் பங்கு சரிந்து, மற்ற இடங்களில் கிளைத்தவை பரவலாக வந்து, உடைவும் ஏறினால், வாயில் நடக்க வேண்டிய வினை வேறெங்கோ நடக்கிறது.

அந்த 'வேறெங்கோ' பல சமயம் வேறொரு படிகம். இசட்எஸ்எம்-22-ஐ 150, 160 °செ-இல் அடைத்த கலத்தில் வளர்க்கும்போது கலக்கல் வேகம் குறைந்தால் இசட்எஸ்எம்-5 கூடவே வளர்ந்துவிடும். நேரம் கூடினால் சிலிக்காவின் ஒரு படிக வடிவமான கிரிஸ்டோபலைட் வரும். கிரிஸ்டோபலைட் துளையற்ற சும்மா சுமை. இசட்எஸ்எம்-5 அப்படியல்ல, கொஞ்சம் இருந்தாலும் மெழுகை உள்ளே இழுத்து உடைத்துக் கொட்டும். செப்பு எக்ஸ்-கதிரில் எடுத்த விளிம்பு விளைவுப் படத்தில் 8.8, 23.1 பாகைகளில் இசட்எஸ்எம்-5-இன் சிறு முகடு தலைதூக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பிளாட்டினத்தின் அளவை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். கிரிஸ்டோபலைட்டின் முகடு 22 பாகையை ஒட்டி வரும்.